எந்தக் கைகாட்டி போக்கிஸ்டாப் ஆகும், எது ஆகாது

லண்டனைச் சுற்றிப் போகும் கேபிடல் ரிங் நடைத்தடத்தில் நடந்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். சில இடங்களில் ஒரே மரக்கம்பத்தில் இரண்டு வட்டத் தகடுகள் அடித்திருக்கும். ஒன்றில் வெறும் மஞ்சள் அம்புக்குறி. இன்னொன்றில் பிக் பென் கடிகாரக் கோபுரத்தின் படம், கூடவே பாதையின் பெயர். இரண்டும் உள்ளங்கை அகலம்தான், இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டும், ஆனால் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டில் போக்கிஸ்டாப்பாக, அதாவது விளையாடுகிறவர்கள் நேரில் போய்ச் சேர வேண்டிய ஓர் இடமாகப் பதிய இதைக் கொடுக்கலாமா என்று கேட்டால் ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை. ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி படம் எடுப்பதிலும் எழுதுவதிலும் இருக்கிறது.

நான் இருப்பது வடமேற்கு லண்டனில். கெண்டன், ஹாரோ, வெம்பிளி பக்கம் நம் ஆட்கள் நிறைய, போக்கிமான் கோ விளையாடுகிறவர்களும் நிறைய. "பார்க்கில் ஒரு போர்டு இருக்கு, போடலாமா?" என்று யாராவது அடிக்கடி படம் அனுப்பிக் கேட்பார்கள். நானும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி வந்தேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்றுதான் இது.

முதலில், பலகை எதற்கு

2012இல் இங்கிரஸ் என்ற போன் விளையாட்டு வந்தபோது ஊரில் உள்ள சிலைகள், சுவரோவியங்கள், பழைய கட்டடங்களையெல்லாம் ஆட்களே படம் எடுத்து அனுப்பி அந்த விளையாட்டின் இடங்களாக, அதாவது போர்ட்டல்களாக ஆக்கினார்கள். 2016இல் வந்த போக்கிமான் கோ அந்தப் பட்டியலின் மேல்தான் எழுந்தது. அன்றைய போர்ட்டல்கள்தான் போக்கிஸ்டாப்பும், போக்கிமான்கள் மோதும் ஜிம்முமாக மாறின. 2019இல் வேஃபேரர் என்ற தளம் வந்தது. இப்போது நாம் ஓர் இடத்தைக் கொடுத்தால் மற்ற விளையாட்டாளர்கள் அதைப் பார்த்து ஏற்கலாமா கூடாதா என்று வாக்களிக்கிறார்கள். ஏற்கப்பட்டால் அதற்கு வேஸ்பாட் என்று பெயர். ஒரு முறை உள்ளே போன இடம் ஒரு விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை, பிக்மின் ப்ளூம், மான்ஸ்டர் ஹன்டர் நவ் என்று பலவற்றுக்கும் போகும். அதனால்தான் ஒரு கம்பத்துக்கு இவ்வளவு யோசனை.

2020 நவம்பரில் விதிகள் எளிதாயின. ஓர் இடம் மூன்றில் ஒன்றுக்காவது உதவ வேண்டும்: ஊரைச் சுற்றிப் பார்க்க, உடற்பயிற்சி செய்ய, மனிதர்களோடு கூடிப் பழக. நடைத்தடம் என்றால் முதல் இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆம் சொல்லலாம். ஆனால் இன்னொரு விதியும் கூடவே இருக்கிறது. அந்த இடம் நிலையாக, கையால் தொடக்கூடிய பொருளாக, 'இதுதான்' என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பாதைக்கு அது முடியாது. கேபிடல் ரிங் போல 126 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் எந்தப் புள்ளியில் வைப்பீர்கள்? மண்ணையும் புல்லையும் படம் எடுத்தால் அது எந்த ஊர் மண்ணாகவும் இருக்கலாம். அங்கேதான் பலகை வேலைக்கு வருகிறது. பாதையின் சார்பில் ஓர் இடத்தில் நின்று 'நான் இன்ன பாதை' என்று பெயர் சொல்வது அதுதான். பெயர் சொல்லாத பலகை அந்த வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். நான் முடிவெடுப்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: இந்தக் கம்பத்தை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு, தான் எந்தப் பாதையில் நிற்கிறோம் என்று தெரிகிறதா?

மஞ்சள் அம்பு ஏன் போதாது

இங்கிலாந்தில் இருப்பவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்குப் பொதுவழி உரிமை உள்ள பாதைகள் இருக்கின்றன. வயல் நடுவில், வீட்டுக் கொல்லைப்புற வேலியை ஒட்டி, ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து என்று எங்கும் போகும். 1968ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, தார்ச்சாலையிலிருந்து இப்படி ஒரு பாதை பிரியும் இடத்தில் உள்ளூர் நிர்வாகம் கைகாட்டி வைக்க வேண்டும். 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று எழுதிய பச்சைக் கைகாட்டி அதுதான். உள்ளே போனால் திருப்பங்களில் சின்ன அம்புத் தகடுகள் இருக்கும். அந்த நிறங்களுக்கு அர்த்தம் உண்டு: மஞ்சள் என்றால் நடக்கிறவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம், ஊதா கலந்த கருஞ்சிவப்பு என்றால் குதிரை வண்டியும் போகலாம் ஆனால் மோட்டார் வண்டி கூடாது, சிவப்பு என்றால் மோட்டார் வண்டிக்கும் அனுமதி.

இப்போது பாருங்கள், அந்த அம்பு உங்களிடம் சொல்வது 'இந்த வழியே போக உனக்கு உரிமை இருக்கிறது' என்பதை மட்டும்தான். நல்ல செய்திதான், நடக்கிறவர்களுக்கு மிக முக்கியமான செய்தியும்கூட, ஆனால் அது இடத்தைப் பற்றிய செய்தி இல்லை. கார்ன்வாலில் உள்ள மஞ்சள் அம்புக்கும் கெண்டனில் உள்ள மஞ்சள் அம்புக்கும் எழுத்தளவுகூட வித்தியாசம் இருக்காது. ஒருவழிப் பாதைப் பலகையை யாரும் வேஸ்பாட் ஆக்குவதில்லை அல்லவா, அதே கணக்கு. ஆகவே வெறும் அம்பு, 'பப்ளிக் ஃபுட்பாத்' மட்டும் எழுதிய கைகாட்டி இரண்டையும் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். நான் ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் இப்படிப்பட்டவை சில இருந்தன. அவை நிராகரிக்கப்பட்டபோது வருத்தமாக இருந்தது, இன்று திரும்பிப் பார்த்தால் நிராகரித்தவர்கள் செய்ததுதான் சரி.

ஒரு விதிவிலக்கு. சில ஊர்களில் பச்சைக் கைகாட்டியிலேயே கீழே சின்ன எழுத்தில் பாதையின் பெயரும் இருக்கும், அல்லது பக்கத்தில் ஒரு சின்னம் ஒட்டாமல் பதித்திருப்பார்கள். அப்போது கதை மாறிவிடுகிறது. ஆகவே தூரத்திலிருந்து பார்த்துவிட்டு 'இது ஃபுட்பாத் போர்டுதானே' என்று திரும்பிவிடாதீர்கள், பக்கத்தில் போய்ப் படியுங்கள்.

பெயர் உள்ள பாதைகள், அவற்றின் சின்னங்கள்

கண் பழகிவிட்டால் ஐம்பதடி தூரத்திலேயே தெரிந்துவிடும். ஏகோர்ன் என்கிற ஓக் மரக்கொட்டையின் படம் இருந்தால் அது தேசிய நடைத்தடம். தேம்ஸ் பாத் அதில் ஒன்று, 1965இல் திறந்த பென்னைன் வேதான் அந்த வரிசையில் முதலாவது. மீன்கொத்திப் பறவை இருந்தால் லண்டன் லூப், மாநகரின் வெளி விளிம்பைச் சுற்றி 24 பகுதிகளாகப் போகிறது. பிக் பென் படம் இருந்தால் கேபிடல் ரிங், உள் வட்டம், 78 மைல், 15 பகுதிகள். நம் பக்கம் 9ஆம் பகுதி கிரீன்ஃபோர்டிலிருந்து ஹார்ஸெண்டன் ஹில் ஏறி ஹாரோ-ஆன்-த-ஹில் வழியாக சவுத் கெண்டன் வருகிறது. 10ஆம் பகுதி அங்கிருந்து பிரெஸ்டன் பார்க், ஃப்ரையண்ட் கன்ட்ரி பார்க், பிரெண்ட் நீர்த்தேக்கம் என்று ஹெண்டன் பார்க் வரை.

என் அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஆங்கிலம் அவ்வளவாக வராது, வழி தவறிவிடும் என்ற பயத்தில் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு வருவார். ஒரு ஞாயிறு சவுத் கெண்டன் ஸ்டேஷனிலிருந்து நாங்கள் இருவரும் கிளம்பினோம், "மணிக்கூண்டு படம் போட்ட தகடு எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் போனால் போதும்மா" என்றேன். அடுத்த வாரம் தனியாகவே பிரெஸ்டன் பார்க் வரை போய்வந்து, ஒரு தகடு செடி மறைத்து இருக்கிறது, அதைக் கவுன்சிலுக்குச் சொல்லு என்று எனக்கு வேலை வைத்தார். ஒரு பாதைச் சின்னம் செய்ய வேண்டிய வேலை இதுதான். விளையாட்டில் ஒரு கம்பத்தைப் பதிந்தால் அதே வேலை இன்னும் சிலருக்கு நடக்கிறது, போக்கிமான் பிடிக்க வந்தவர் பாதையின் பெயரைப் படித்துவிட்டு அடுத்த கம்பம் வரை நடந்துவிடுகிறார்.

எது பலம், எது பலவீனம்

எல்லாப் பெயர்ப் பலகையும் ஒரே எடை இல்லை. பாதை தொடங்கும் இடத்திலோ பூங்கா வாசலிலோ வரைபடத்தோடு நிற்கும் பெரிய தகவல் பலகைதான் எதையும்விட பலமானது. அதைக் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அடுத்தது இரண்டு மூன்று திசைக்குக் கை நீட்டும், பாதையின் பெயரும் அடுத்த ஊரும் தூரமும் எழுதிய கைகாட்டி. அதற்கும் கீழே, கம்பத்தில் அடித்த பெயர்த் தகடு. இது சின்னதாக இருப்பதால் 'வெறும் ஸ்டிக்கர்' என்று சிலர் தள்ளிவிடுவார்கள், ஆனால் அளவு ஒரு காரணமே இல்லை, திருகாணி போட்டு நிலையாக அடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தெரு விளக்குக் கம்பத்தில் மாட்டிய அலுமினியப் பலகைகள் கொஞ்சம் தர்மசங்கடம். கேபிடல் ரிங் குடியிருப்புத் தெருக்கள் வழியாகவும் போவதால் இவை நிறைய உண்டு. விளக்குக் கம்பம் தெருவோரப் பொது நடைபாதையில் நிற்கிறது, ஆகவே தனியார் வீட்டு நிலத்தில் வேஸ்பாட் கூடாது என்ற விதி இதைத் தொடாது. ஆனாலும் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இரவு பத்து மணிக்கு நான்கு பேர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். நான் இப்படிப்பட்டதைக் கொடுப்பதில்லை. அதே தெரு முனையில் பூங்காவுக்குள் நுழைகிற இடத்தில் இன்னொரு கம்பம் இருக்கும், அதைக் கொடுப்பேன். மற்றவர்கள் கொடுத்து என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தால் விதிப்படி ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் என் விருப்பம் வேறு, விதி வேறு.

ஸ்டேஷனிலிருந்து பாதைக்குக் கூட்டிப்போகும் இணைப்புப் பலகைகளும் உண்டு. பெயர் இருக்கும், ஆனால் நிற்பது பாதையில் இல்லை. என்னைக் கேட்டால் இவை பலவீனம். பக்கத்தில் பாதையிலேயே நல்ல கம்பம் இருக்கும்போது இதற்கு ஒரு வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம்.

தூரம் மட்டும் எழுதிய கல்லோ கம்பமோ, '2 மைல்' என்று ஒரு எண் மட்டும், பாதையின் பெயரோ சின்னமோ இல்லை என்றால் மஞ்சள் அம்பு போலத்தான். சைக்கிள் படமும் சிவப்புப் பெட்டிக்குள் ஒரு எண்ணும் போட்ட நீலப் பலகைகள் தேசிய சைக்கிள் வலைப்பின்னலுடையவை, ஒவ்வொரு சந்திப்பிலும் விளக்குக் கம்பத்திலும் இருக்கும், அவை போக்குவரத்துப் பலகைகள் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதே வலைப்பின்னலுக்கு 2000ஆவது ஆண்டையொட்டி வார்ப்பிரும்பில் 1,000 மைல்கம்பங்கள் செய்து நாடு முழுவதும் நட்டார்கள், நான்கு சிற்பிகள், நான்கு வடிவங்கள், ஒன்று புதைபடிவ மரம் போல, ஒன்று சேவல் போல. அதில் ஒன்று உங்கள் ஊரில் இருந்து இன்னும் யாரும் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே போங்கள்! அது பாதைக் குறியும் கலைப் பொருளும் சேர்ந்தது.

நாய் அசுத்தம் செய்தால் அபராதம், மீன் பிடிக்காதே, கேட்டை மூடு, இவையெல்லாம் வேண்டாம். ஓட்டப் போட்டிக்காக ஒரு நாள் கட்டிய பலகை, லேமினேட் செய்து கயிற்றில் தொங்கவிட்ட தாள் இவையும் வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று, இது எழுதவே மனம் வலிக்கிறது. சிலர் தங்கள் வீட்டுப் பக்கம் ஸ்டாப் வேண்டும் என்பதற்காக இல்லாத பாதைக்குப் பெயர் வைத்து, தாமே தகடு அச்சடித்து, கம்பத்தில் ஒட்டிப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் தகட்டை நம்பி ஒரு வயதானவரோ குழந்தையோடு வந்த அம்மாவோ நடந்தால் எங்கே போய் நிற்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

ஹாரோவில் ஒரு சிக்கல்

பெயர் இருந்தும் தகுதி இல்லாமல் போவதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கேபிடல் ரிங் ஹாரோ மலை மேலே ஏறி ஹை ஸ்ட்ரீட் வழியாகப் போய், ஹாரோ பள்ளியின் விளையாட்டு மைதானங்கள் ஊடாக இறங்குகிறது. 1572இல் தொடங்கிய பள்ளி அது. மைதானத்தின் குறுக்கே நடக்க நமக்குப் பொதுவழி உரிமை இருக்கிறது, கம்பமும் இருக்கலாம், கம்பத்தில் பெயரும் தெளிவாக இருக்கலாம். ஆனால் மழலையர் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை எந்தப் பள்ளியின் நிலத்திலும் வேஸ்பாட் கூடாது என்பது உறுதியான விதி. நடக்க உரிமை இருப்பது ஒன்று, அங்கே நின்று விளையாட ஆட்களை அழைப்பது வேறு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் முன்பின் தெரியாத பெரியவர்கள் போனோடு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே மைதானத்துக்குள் இருக்கும் கம்பத்தை விட்டுவிட்டு, பள்ளி நிலம் முடிந்து வாட்ஃபோர்ட் சாலையைத் தாண்டிய பிறகு வருவதைத் தேடுங்கள்.

தாண்டியவுடன் இன்னொரு கேள்வி வரும். அங்கே பாதை நார்த்விக் பார்க் மருத்துவமனையை ஒட்டிப் போகிறது. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் ஆகியவற்றின் வேலைக்கு இடைஞ்சலாகும் இடங்கள் கூடாது என்பதும் விதி. பாதை வேலிக்கு வெளியே தனியாகப் போகிறது என்றால் அங்கே உள்ள கம்பம் பிரச்சினை இல்லை. ஆம்புலன்ஸ் திரும்பும் வாசலில் இருந்தால் பிரச்சினை. 'மருத்துவமனை பக்கம்' என்ற ஒரே காரணத்துக்காக ரிவ்யூவில் தள்ளாதீர்கள், சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, வண்டி எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படம், பெயர், விளக்கம், இடம்

சரி, நல்ல கம்பம் கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு படம் வேண்டும். முதல் படம் எல்லோரும் விளையாட்டில் பார்ப்பது. தகட்டில் உள்ள எழுத்து படிக்கும்படி நெருங்கி எடுங்கள், ஆனால் தகடு மட்டும் சட்டத்தை நிறைத்துவிடக் கூடாது, கம்பமும் பின்னால் கொஞ்சம் பாதையும் தெரிய வேண்டும். வெயில் நேர் எதிரே இருந்தால் தகடு வெள்ளையாகப் பளபளத்து எழுத்து அழிந்துவிடும், கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள். பாசி படிந்திருந்தால் கைக்குட்டையால் மெதுவாகத் துடைக்கலாம். உங்கள் விரல், நிழல், யாருடைய முகம், கார் எண் எதுவும் வேண்டாம். இணையத்தில் எடுத்த படம் கண்டிப்பாகக் கூடாது.

இரண்டாவது படம் ரிவ்யூ செய்பவர்களுக்கு, நிறையப் பேர் அசட்டை செய்வதும் இதைத்தான். பூங்காவுக்குள், காட்டுக்குள் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வண்டி வருவதில்லை. மரத்தடியில் உள்ள கம்பம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியவே தெரியாது. அப்படியானால் எங்கோ ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் கம்பம் அங்கேதான் இருக்கிறது என்று எப்படி நம்புவார்? ஆகவே பத்துப் பதினைந்து அடி பின்னால் வந்து, கம்பத்தோடு சேர்த்து மேலிருந்து பார்த்தாலும் தெரியக்கூடிய ஏதாவது ஒன்றைச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்: பாதை பிரியும் முனை, பெஞ்ச், கேட், குளத்தின் கரை, மின்கோபுரம். ஃப்ரையண்ட் பார்க்கில் புல்வெளிகளுக்கு நடுவே வேலிச் செடி வரிசைகள் ஓடும், அவை சாட்டிலைட் படத்தில் கோடு போட்டதுபோல் தெரியும், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முடிந்தால் போனிலேயே ஒரு 360 டிகிரி படம் எடுத்து கூகுள் மேப்பில் ஏற்றிவிடுங்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும். குளிர்காலம் இதற்கு நல்ல பருவம். ஜூலையில் முட்செடியும் காஞ்சொறியும் கம்பத்தின் கழுத்து வரை ஏறியிருக்கும், பிப்ரவரியில் கம்பம் தனியாக நிற்கும்.

பெயர் வைக்கும்போது 'டிரெய்ல் மார்க்கர்' என்று மட்டும் போட்டால் பாதி வாக்கு அங்கேயே போய்விடும். பாதையின் பெயர், அப்புறம் இடம். 'கேபிடல் ரிங் கைகாட்டி – பார்ன் ஹில் ஏற்றம்' என்பது போல. விளக்கத்தில் படிக்கிறவருக்கு ஒரு புது விஷயமாவது கிடைக்க வேண்டும். உதாரணத்துக்கு இப்படி: 'லண்டனைச் சுற்றி 126 கிலோமீட்டர் போகும் கேபிடல் ரிங் பாதையின் 10ஆம் பகுதி. சவுத் கெண்டனிலிருந்து வருகிறவர்கள் இங்கிருந்து பார்ன் ஹில் ஏறுகிறார்கள்.' நான் தமிழில் காட்டுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் போடுங்கள், லண்டனில் ரிவ்யூ செய்பவர்கள் படிப்பது அதைத்தான். விளக்கத்தில் போக்கிமான் பெயரோ, 'தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்' என்பதோ, 'எங்கள் ஏரியாவில் ஸ்டாப்பே இல்லை' என்பதோ வரக்கூடாது. விளக்கம் என்பது விளையாட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடம்.

ரிவ்யூ செய்பவர்களுக்கு மட்டும் தெரியும் கூடுதல் தகவல் பெட்டி தனியாக இருக்கிறது. பாதையின் அதிகாரப்பூர்வப் பக்கத்தின் முகவரியை அங்கே போடுங்கள், எத்தனையாவது பகுதி, எந்த ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிடம், அந்த நிலம் யாருடையது என்பதையெல்லாம் சொல்லுங்கள். பள்ளி வேலியோ மருத்துவமனையோ பக்கத்தில் இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு 'வேலிக்கு வெளியே, பொதுப் பாதையில்' என்று விளக்கிவிடுங்கள். கேள்வி வரும் முன் பதில் சொன்னால் வாக்கு மாறும்.

இடத்தைக் குறிப்பதற்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். மரங்களுக்கு அடியில் பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். பத்து மீட்டர் என்பது சில இடத்தில் பாதைக்கும் யாரோ ஒருவர் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். சாட்டிலைட் படத்தில் பாதையின் வளைவைப் பார்த்து விரலால் நகர்த்தி வையுங்கள். தனக்கு வசதியான இடத்தில் ஸ்டாப் வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தள்ளி வைப்பது மோசடி, அதைச் செய்து பிடிபட்டால் கணக்கே போகும்.

எத்தனை கம்பம் கொடுப்பது

ஒரு பாதையில் முப்பது கம்பம் இருந்தால் முப்பதும் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு கம்பமும் தனிப் பொருள், இரண்டுக்கும் ஒரே படம் பயன்படுத்தாத வரை 'ஏற்கனவே இருக்கிறது' என்று ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளக் கூடாது. ஆனால் கொடுத்தாலும் எல்லாம் விளையாட்டில் தெரியாது. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஏறத்தாழ 70 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்டாப் என்பதுதான் போக்கிமான் கோவில் விளையாட்டாளர்கள் நெடுங்காலமாகக் கண்டறிந்து வைத்திருக்கும் கணக்கு. இங்கிரஸில் இரண்டு போர்ட்டல்களுக்கு இடையே 20 மீட்டர் இருந்தால் போதும். ஆகவே ஒரே கட்டத்தில் கம்பமும் சிற்பமும் இருந்தால் சிற்பத்தையே முதலில் கொடுங்கள். ஹார்ஸெண்டன் ஹில் உச்சியில் நில அளவைக் கம்பம் ஒன்று இருக்கிறது, 1936 முதல் பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே நாடு முழுவதும் கட்டிய கான்கிரீட் தூண்களின் குடும்பம். அப்படி ஒன்று நிற்கும் இடத்தில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், வழித்தகடு இரண்டாவதுதான். அதேபோல் கேபிடல் ரிங் ஹைகேட்டிலிருந்து பழைய ரயில் பாதையான பார்க்லேண்ட் வாக்கில் போகும்போது, சுவர் வளைவுக்குள்ளிருந்து ஸ்ப்ரிகன் என்ற நாட்டுப்புறக் கதைப் பூதத்தின் சிலை எட்டிப் பார்க்கும், அதன் பக்கத்தில் நின்று யாராவது வழித்தகட்டைப் படம் எடுப்பார்களா?

என் வழக்கம் இது: பாதை பிரியும் இடம், கேட், மலையுச்சி, பாலம், ஸ்டேஷனிலிருந்து வந்து சேரும் முதல் முனை. மனிதர்கள் தாமாகவே நின்று மூச்சு வாங்கி எந்தப் பக்கம் என்று பார்க்கும் இடங்கள். நடுவில் நேரான பாதையில் உறுதிப்படுத்துவதற்காக மட்டும் நிற்கும் கம்பத்தை விட்டுவிடுவேன்.

மற்றவர்கள் கொடுத்ததைப் பார்க்கும்போது

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பெயரைப் படியுங்கள். படிக்க முடியவில்லை என்றால், தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து ஊகிக்க வேண்டாம். பெயர் இருந்தால் அப்படி ஒரு பாதை உண்டா என்று கவுன்சில் தளத்திலோ ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்திலோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலோ தேடுங்கள், இரண்டு நிமிடம் ஆகாது. பெரிய பாதைகள் மட்டும்தான் செல்லும் என்று நினைக்காதீர்கள். ஒரு சின்னப் பூங்காவில் கவுன்சில் அமைத்த ஒரு மைல் இயற்கை நடைக்கும் பெயரும் நிலையான கம்பமும் இருந்தால் அது கேபிடல் ரிங்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. தலைப்பு சோம்பேறித்தனமாக இருக்கிறது என்பதற்காக நல்ல கம்பத்தைக் கொல்ல வேண்டாம், தலைப்பைப் பிறகு திருத்தலாம்.

உங்களுடையது நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 'இடம் உறுதியாகவில்லை' அல்லது 'பொதுவான பொருள்' என்று வரும். முதலாவது என்றால் ரிவ்யூ செய்பவர்களுக்கான அந்த இரண்டாவது படத்தை மாற்றி, 360 டிகிரி படம் சேர்த்து மறுபடி கொடுங்கள். இரண்டாவது என்றால் தகட்டின் எழுத்து தெரியும் படத்தோடு, பாதையின் அதிகாரப்பூர்வ இணையப் பக்கத்தின் முகவரியையும் வைத்துக் கொடுங்கள், மேல்முறையீடு செய்யும் வழியும் இருக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே மஞ்சள் அம்பு மட்டும் என்றால் ஐந்து முறை கொடுத்தாலும் அது மஞ்சள் அம்புதான்.

ஏற்கப்பட்ட பிறகும் வேலை முடியவில்லை. மரக்கம்பம் அழுகும், தகட்டை யாராவது பிடுங்கிப் போவார்கள், பாதை திருப்பிவிடப்படும். அந்தப் பக்கம் போகும்போது ஒரு பார்வை பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் கவுன்சிலுக்குச் சொல்லுங்கள், கவுன்சில் தளத்திலேயே பழுது தெரிவிக்கும் படிவம் இருக்கும். புதுக்கம்பம் நட்டால் புதுப் படம் சேருங்கள். ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள் என்றால், உங்கள் பெயரில் உள்ள ஸ்டாப்பாக இருந்தாலும், வெறும் தரையை ஒரு படம் எடுத்து நீக்கக் கோரிக்கை கொடுத்துவிடுங்கள்.